விசாப் படத்தில் உள்ள முடி

உலகப் படத்தைக் கரும்பலகைக்கு மேல் மாட்டி, குச்சியால் நாடு நாடாகத் தொட்டுக் காட்டிப் பாடம் நடத்துகிற எனக்குப் போன வருஷம் வரைக்கும் பாஸ்போர்ட் கிடையாது. மலாக்கா ஜலசந்தி எங்கே என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நான் தாண்டிய மிகப் பெரிய எல்லை, கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் இருக்கிற களியக்காவிளை செக்போஸ்ட்தான். இதை வகுப்பில் ஒருபோதும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பிறகு எவனும் என்னிடம் மரியாதையாகத் தீர்க்கரேகையைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டான்.

அப்படிப்பட்ட என்னைத்தான், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் சிங்கப்பூர் பயணத்துக்கு 'டாக்குமென்ட் இன்சார்ஜ்' ஆக்கினார் எங்கள் திருவனந்தபுரம் பள்ளியின் பிரின்சிபல். என்னை ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். "டீச்சரைக் கண்டா எல்லாருக்கும் ஒரு பேடி உண்டல்லோ, அது மதி" என்றார். அதாவது, என் முகத்தைப் பார்த்த பயத்திலேயே ஜனங்கள் பேப்பர்களை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்களாம். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, சண்டை போடுவதா என்று யோசித்துக்கொண்டே கரமனைக்குப் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் ஏஜீஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு என்னைக் கிண்டல் செய்வதைத்தான் முழு நேர வேலையாக வைத்திருக்கிறார்.

"நன்னாருக்கு போ. பாஸ்போர்ட் இல்லாதவா பாஸ்போர்ட்டுக்கு இன்சார்ஜாக்கும்!"

எனக்குப் பாஸ்போர்ட் எடுப்பதில் இருந்து வேலை தொடங்கியது. விசாரணைக்குப் போலீஸ்காரர் எங்கள் தெருவுக்கு வந்த அன்று எதிர்வரிசை ஜன்னல்கள் எல்லாம் ஒன்றாகத் திறந்தன. அவர் நல்ல மனிதர். கேஸ் ஏதாவது உண்டா என்று கேட்டார். உள்ளே இருந்து என் கணவர், "உண்டு சாரே, நித்தியமும் என் பேர்லதான்" என்று குரல் கொடுத்தார். போலீஸ்காரர் சிரித்துவிட்டுப் போனார். நான் அன்று சாயந்தரம் காபி போடவில்லை.

பிள்ளைகளின் பேப்பர்கள் வேறு விதமான கூத்து. சிலர் கல்ஃபில் பிறந்தவர்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டில் என் ரேஷன் கார்டில் இருப்பதைவிட அதிக முத்திரை. சிலருக்குப் பாஸ்போர்ட் இருந்தது, காலாவதி ஆகியிருந்தது. ஒரு அப்பா பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தன்னுடையதைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் அவரே சவூதிக்குப் போகவேண்டியவர். படங்கள் வந்தபோது எனக்குத் தலை சுற்றியது. விசாவுக்கு வெள்ளைப் பின்னணி வேண்டும் என்று சொல்லியிருந்தேன். பிள்ளைகள் பள்ளியில் இருந்து நேராக ஸ்டூடியோவுக்குப் போய் வெள்ளைச் சட்டை யூனிஃபார்மோடு உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளைக்குள் வெள்ளை கரைந்துபோய், படங்களில் தலை மட்டும் தனியாக அந்தரத்தில் நின்றது. பாதித் தலைகளில் சந்தனக் குறி வேறு.

எல்லாரையும் திரும்ப அனுப்பினேன். ஸ்டூடியோக்காரர் கெட்டிக்காரர். வாடிக்கையாளர்களுக்கென்று ஆணியில் ஒரு நீலச் சட்டை தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொருவனாக அதையே மாட்டி உட்கார வைத்து எடுத்து அனுப்பினார். விசா ஏஜென்ட் எனக்குப் போன் செய்து, "டீச்சர், இது ஸ்கூல் யூனிஃபார்மா? அளவு மட்டும் ஏன் யாருக்கும் சேரவில்லை?" என்று கேட்டார். ஆமாம், யூனிஃபார்ம்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இந்தக் கூட்டத்தில் ஒருவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். படிப்பில் நடுவாந்தரம், பேச்சில் முதல் தரம், தலைமுடியில் அதற்கும் மேலே. காதுக்கு மேல் ஒட்ட வழித்து, உச்சியில் மட்டும் காடாக வளர்த்து, அதை ஒரு பக்கமாகச் சரித்து விட்டிருப்பான். காற்றடித்தால்கூட அது கலையாது. அசெம்பிளியில் அவன் தலையைப் பார்த்தே என் ரத்த அழுத்தம் ஏறும். வெட்டச் சொன்னால் அடுத்த நாள் ஒரு நூல் அளவு வெட்டிக்கொண்டு வந்து, "வெட்டியாச்சு டீச்சர்" என்பான்.

அவன் அம்மா வள்ளியூர்ப் பக்கத்தில் இருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். ஏர்போர்ட்டுக்குப் போகிற ரோட்டில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். காலையில் இட்லி, மத்தியானம் மீன் குழம்புச் சோறு. அப்பாவுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. இந்த விஷயம் முழுவதிலும் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, புத்திசாலி. அவளுக்கு மலையாளம் காதுக்கும் வாய்க்கும் வரும், கண்ணுக்கு வராது. தமிழ் மட்டும்தான் படிப்பாள். பெற்றோர் வாட்ஸாப் குரூப்பில் நான் மலையாளத்தில் போடுகிற அறிவிப்புகளைப் பையன்தான் அவளுக்குப் படித்துச் சொல்வான். இந்த ஏற்பாட்டின் ஆபத்து எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவன் பாஸ்போர்ட்தான் எல்லாருடையதையும்விடத் தாமதமானது. வாடகை வீடு மாறியிருந்தார்கள். போலீஸ்காரர் பழைய வீட்டுக்குப் போய், அங்கே இப்படி யாரும் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார். அந்த அம்மா கடையை அடைத்துவிட்டு ஸ்டேஷனுக்கும் பாஸ்போர்ட் ஆபீஸுக்கும் அலைந்தாள். பள்ளிக்கு வந்து என் மேஜை முன் நின்று, "டீச்சரே, மத்த பிள்ளைய எல்லாம் போகும்போது இவென் மட்டும் நின்னு டாட்டா காட்டணுமா?" என்று கேட்டாள். கடைசியில் பாஸ்போர்ட் வந்தது. பின்னாலேயே விசாவும் வந்தது. பயணத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அப்பாடா என்று ஒரு சாயந்தரம் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

அன்றைக்குத்தான் குரூப் வெடித்தது.

ஒரு அம்மா முதலில் கேட்டாள்: டீச்சர், பயணம் முடிகிறவரை பிள்ளைகள் முடி வெட்டக்கூடாதாமே, சரிதானா? நான் பதில் எழுத மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் குரூப்பில் மழை கொட்டியது. நேற்றே வெட்டிவிட்டோமே, என்ன செய்வது? புருவம் திருத்தலாமா? என் மகளுக்கு மூக்குத்தி படத்தில் இல்லை, இப்போது இருக்கிறது, கழற்ற வேண்டுமா? ஒரு அப்பா, தன் மச்சான் மஸ்கட் போனபோதும் இதே நியமம்தான், முடி குறைந்ததற்காக மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள் என்று சாட்சியே சொல்லிவிட்டார். இல்லாத நியமத்துக்கு இத்தனை அனுபவஸ்தர்கள் இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அப்படி ஒரு நியமமே இல்லை என்று எழுதத் தொடங்கினேன். பாதியில் விரல் நின்றுவிட்டது. ஒரு பெண் பயணத்துக்காக முடிக்குச் சிவப்புச் சாயம் பூசப் போவதாக ஸ்டாஃப் ரூமில் பேச்சு இருந்தது. இரண்டு பையன்கள் தலையில் மின்னல் மாதிரிக் கோடு போடப் போவதாகவும் கேள்வி. இந்தப் புரளி ஒரு வாரம் உயிரோடு இருந்தால் எனக்கு நல்லதுதானே? 'முகம் விசாப் படத்தோடு ஒத்திருக்க வேண்டும், பெரிய மாற்றங்கள் வேண்டாம்' என்று மட்டும் எழுதினேன். யாரும் அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

பின்னால் இருந்து எட்டிப் பார்த்த என் கணவர், "நீ என்ன, சிங்கப்பூர் சர்க்காராக்கும்? எனக்கு நாளைக்கு ஷேவ் பண்ணலாமா, அதுக்கும் பர்மிஷன் வேணுமா?" என்றார்.

மறுநாள் மத்தியான இடைவேளையில் அந்த அம்மா பள்ளிக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"டீச்சரே, ஒரு காரியம் கேக்கணும். கோவப்படப்பிடாது. முடிய எடுத்தா பிளேன்ல ஏத்த மாட்டாங்கன்னு நீங்க எழுதியிருக்கியளாம். பய படிச்சுக் காட்டினான்."

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. புரளி எந்தத் தொண்டையில் பிறந்தது என்று தெரிந்தது. நேற்று எழுதிய வரியைச் சொல்கிறானா, அதற்கும் முன்னாலேயே தானாகச் சேர்த்துப் படித்தானா என்று கேட்டேன். நாலு நாளாகவே சொல்லிக்கொண்டிருக்கிறானாம். அவள்தான் கவலைப்பட்டு வேறொரு அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாதான் குரூப்பில் கேட்டது.

"அதுல உனக்கென்ன கஷ்டம்?" என்று கேட்டேன். "அவன் முடியை வெட்டாமல் இருந்தால் அவனுக்குத்தானே சந்தோஷம்?"

"அய்யோ டீச்சரே, அதில்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பாஸ்போர்ட்டு கெடைக்காம கெடந்துதுல்லா, அப்ப நான் திருச்செந்தூர் முருகன்ட்ட நேந்துகிட்டேன். பாஸ்போர்ட்டும் விசாவும் வந்தா, பிளேன் ஏறதுக்கு முன்னாடி பயலுக்கு மொட்ட போடுதேன்னு. ரெண்டும் வந்துட்டு. இப்ப நான் என்ன செய்ய? நேர்ச்சைய முடிக்காம அவனைக் கடலுக்கு மேல பறக்க விட எனக்கு மனசு வராது. முருகன் முந்தியா, விசா முந்தியா, நீங்களே சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "மொட்ட போடப்பிடாதுன்னா அவென் போகாண்டாம் டீச்சரே. அவ்வளவுதான்."

இத்தனை அலைச்சலுக்குப் பிறகு, பயணம் ஒரு தலைமுடிக் கொத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளைக் கொஞ்சம் பொறு என்று சொல்லி அனுப்பிவிட்டு, பையனை வரச் சொன்னேன். வந்தான். முடி அசையாமல் இருந்தது.

"நான் எழுதாத நியமத்தை எப்படிடா படிச்சே?"

அவன் ஒரு நிமிஷம் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்று பார்த்தான். அது என்னிடம் செல்லாது என்று தெரிந்ததும் உடைந்தான்.

"டீச்சர், ப்ளீஸ். மொட்டையோட சிங்கப்பூர் போனா எல்லாரும் களியாக்கிச் சிரிப்பாங்க. போட்டோ எல்லாத்துலயும் மொட்டை. ஆயுசு முழுக்க அந்த போட்டோ இருக்கும். திரும்பி வந்தப்புறம் போடுறேன்னு சொன்னா அம்மா சம்மதிக்கல. டீச்சர் ஒரு வாக்கு சொன்னா மதி, அம்மா நம்பும்."

"நீ சொன்ன பொய்யால நீ போறதே நின்னுடும்போல இருக்கு, தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. முகம் வெளிறிப்போனது. எனக்குக் கோபம் பொங்கியது, அதே சமயம் சிரிப்பும் வந்தது. சிரித்தால் காரியம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பதினாலு வயதில் ஒருவனுக்குத் தலைமுடியைவிடப் பெரிய சொத்து வேறு எது? ஆனாலும் விடவில்லை. "நீயே உன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லணும். நாளைக்குள்ள சொல்லலேன்னா நான் சொல்லுவேன்" என்று துரத்தினேன்.

மறுநாள் காலை அந்த அம்மாவிடம் இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னணியில் இட்லிக் கொப்பரை ஆவி விடுகிற சத்தம். "டீச்சரே, எல்லாம் சரியாயிட்டு. முருகன்ட்ட பேசியாச்சு. பய வருவான், கேட்டோ." அவ்வளவுதான். சொல்லிவிட்டான்போல என்று நினைத்துக்கொண்டு, அவன் மொட்டையாக வந்தால் ஏர்போர்ட்டில் காட்ட அவனுடைய பிறப்புச் சான்றிதழ் நகலை ஃபைலில் மேலாக எடுத்து வைத்தேன். யாராவது மடக்கிக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று குளியலறையில் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

ஏர்போர்ட்டில் அவன் முழு முடியோடு வந்து நின்றான்.

அம்மா பக்கத்தில் முந்தானையைத் தலைக்கு மேல் முக்காடாகப் போட்டுக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். உள்ளே போகிற வாசலில் காற்று வீசியது, முந்தானை நழுவியது. பளபளவென்று மொட்டைத் தலை, அதன் மேல் காயாத சந்தனம். இடுப்புவரை பின்னல் போட்டிருந்தவள் அவள். பையன் நாலடி தள்ளி நின்றுகொண்டு விமானப் பட்டியலைப் படிப்பதுபோல் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் என்னைத் தூண் ஓரமாக இழுத்தாள்.

"எனக்குத் தெரியும் டீச்சரே, அப்பிடி ஒரு நியமமும் இல்லன்னு. எங்கடைக்கு மத்தியானம் சோறு தின்ன வாற எமிகிரேஷன் சாரு ஒருத்தரு உண்டு. கேட்டேன். முடிக்கும் விசாவுக்கும் ஒரு பந்தமும் இல்ல சேச்சின்னு சொல்லிட்டாரு. பய வாய தொறந்து சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல. கண்ணாடி முன்ன நின்னு தலைய தடவிப் பாத்துட்டே அழுதான். புடிச்சு மொட்ட போட்டா போட்டுருவேன். ஆனா அந்தப் போட்டோவ பாக்கப் பாக்க என்னைத்தானே வைவான்? முருகனுக்கும் குடுக்கணும், அவனுக்க மனசும் நோவப்பிடாது. அதான் நானே போயி குடுத்துட்டு வந்துட்டேன். அட்வான்ஸ்."

"அட்வான்ஸா?"

"ஆமா. இது என் முடி, அட்வான்ஸு. அவனுக்க முடி பாக்கி நிக்கி. வந்ததும் நேரா திருச்செந்தூர். அதை அவன்ட்ட கண்டிப்பா சொல்லியாச்சு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு விஷயம் தெரியும்னு மட்டும் அவன்ட்ட சொல்லாண்டாம், என்ன? வெக்கப்படுவான்."

எனக்கு அவன் காதைத் திருகவேண்டும்போல இருந்தது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், வரிசையில் நில்லுங்கடா என்று மற்ற பிள்ளைகளிடம் கத்தினேன்.

சிங்கப்பூரைப் பற்றி எழுத இங்கே இடமில்லை. சுத்தமான ஊர். நான் குச்சியால் தொட்டுக் காட்டுகிற இடத்தில் அது ஒரு புள்ளிகூட இல்லை, அச்சடித்தவர்கள் விட்டுவிட்டார்கள். அந்தப் புள்ளிக்குள் இவ்வளவு கட்டிடங்கள் இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் கதாநாயகன் முதல் இரண்டு நாள் ஒவ்வொரு கண்ணாடிக் கட்டிடத்திலும் தன் முடியைப் பார்த்துச் சரி செய்துகொண்டே நடந்தான்.

மூன்றாம் நாள் சாயந்தரம் பிள்ளைகள் வீட்டுக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் அம்மா கடையில் இருந்து பேசினாள். தலையில் துண்டு கட்டியிருந்தாள். அடுப்புச் சூட்டில் அதை அவிழ்த்து முகம் துடைத்தாள். இவன் பின்னால் நின்ற ஒரு பயல் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "எடா, நின்ட அம்மைக்கு எந்து பற்றி?" என்று கேட்டுச் சிரித்தான். உன் அம்மாவுக்கு என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அவளுக்கும் கேட்டிருக்கும். அவளும் கூடவே சிரித்துவிட்டு, "இங்க நல்ல சூடு மக்கா, அதான்" என்றாள். இவன் போனை அணைத்தான். அவனுக்குச் சண்டை போடக்கூடத் தோன்றவில்லை. சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

அடுத்த நாள் லிட்டில் இந்தியாவில் சாமான் வாங்கக் கொஞ்ச நேரம் கொடுத்திருந்தோம். பையன்களை எங்களோடு வந்த பி.டி. சார் பார்த்துக்கொண்டார், அதாவது அவர் தனக்குச் செருப்பு வாங்கிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் தலை எண்ணும்போது ஒரு தலையை எனக்கு அடையாளமே தெரியவில்லை. யாரோ வேற்றுப் பையன் ஏறிவிட்டான் என்று நினைத்து இறங்கு என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். மொட்டை! முட்டைபோல வழுவழுவென்று, காதுகள் இரண்டும் தனியாக விறைத்துக்கொண்டு.

"யாரைக் கேட்டுடா செஞ்சே?" என் சத்தத்துக்கு டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"அங்க ஒரு தமிழ் சலூன் இருந்தது டீச்சர்." தலையைக் குனிந்துகொண்டான். "அம்மா மட்டும் அப்படி நிக்க வேண்டாம்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

யாரும் சிரிக்கவில்லை. நேற்றுச் சிரித்த பயல் நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்தான்.

எனக்கு மனசு இளகிய நேரம் கொஞ்சம்தான். உடனே ஃபைலை எடுத்துப் புரட்டினேன். நாளைக்கு விமானம். பாஸ்போர்ட்டில் முடி, விசாவில் முடி, வந்து இறங்கியபோது மிஷின் பிடித்து வைத்த முகத்திலும் முடி. அந்தப் பொய் நியமத்தைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் நானே அதை நம்பத் தொடங்கியிருந்தேன். ஓட்டலில் அவனைக் கண்ணாடி முன் நிறுத்தி, "போட்டோல இருக்கற மூஞ்சியை வை பாக்கலாம்" என்றேன். வைத்தான். "அது இல்லை, கொஞ்சம் திமிரா" என்றேன். அதுவும் வைத்தான். அப்போதும் எனக்குத் திருப்தி இல்லை.

விமான நிலையத்தில் அவனை எனக்கு முன்னால் விட்டு, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவன் மிஷின் முன் நின்றான். திமிராகப் பார்த்தான். கதவு திறந்தது. அது முடியைப் பார்ப்பதே இல்லையாம், கண்ணையும் முகத்தையும்தான் பார்க்குமாம். எனக்குத்தான் இரண்டு தடவை திறக்க மறுத்தது. பயத்தில் என் முகம் கோணிப்போயிருந்ததாம். ஒரு பெண் அதிகாரி வந்து, நிதானமாக நில்லுங்கள் என்று சொன்ன பிறகுதான் என்னை விட்டது. இதைப் பிள்ளைகள் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள்.

திருவனந்தபுரத்தில் கவுண்டரில் இருந்த அதிகாரி படத்தையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். "திருப்பதியாணோ?" என்றார். "அல்ல சார், சிங்கப்பூர்" என்றான் இவன். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

வெளியே அம்மா நின்றிருந்தாள். துண்டு இல்லை, முக்காடு இல்லை. தலையில் கறுப்பாகத் தூள் தூவியதுபோல முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. அவனைப் பார்த்ததும் முதலில் அடையாளம் தெரியாமல் எங்கள் பின்னால் தேடினாள். பிறகு தெரிந்தது. அவள் ஓடி வந்து கட்டிக்கொள்வாள், கண்ணீர் விடுவாள் என்று நான் கைக்குட்டையைத் தயாராக எடுத்தேன்.

"ஏலே! எவன்டா உன்னைய மொட்ட போடச் சொன்னது?" என்று ஏர்போர்ட்டே அதிரக் கத்தினாள். "அது முருகனுக்குள்ள முடில்லா! கொண்டு போயி எவனோ அந்நிய நாட்டுக்காரனுக்கக் குப்பையில போட்டுட்டு வந்து நிக்கியே! இனி அது மொளச்சு, எப்பக் குடுக்க? நான் அட்வான்ஸு குடுத்ததும் வெறுதேதானா?"

முதுகில் இரண்டு அடி விழுந்தது. பையன் நகரவில்லை. தோள்பையைக் கீழே வைத்துத் திறந்து, சாக்லேட் கடைப் பை ஒன்றை வெளியே எடுத்தான். பயணம் முழுவதிலும் அவன் சாக்லேட் வாங்கி நான் பார்த்ததில்லை. பைக்குள் ஒரு பொட்டலம். பொட்டலத்துக்குள் மொத்த முடியும், ரப்பர்பேண்ட் போட்டுக் கட்டி இருந்தது.

"கீழ விழாம துண்டு விரிக்கச் சொன்னேன்" என்றான். "முருகனுக்குள்ளதுன்னு எனக்கும் தெரியும். அம்மா, அந்த நியமம்... அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. நான் சும்மா பறஞ்சது."

"அதெல்லாம் எனக்குத் தெரியும்லே" என்றாள் அவள்.

அவன் அப்படியே நின்றுவிட்டான். மொட்டைத் தலை இருந்த இடத்தில் இருக்க, முகம் மட்டும் சிவந்துகொண்டே வந்தது. அவள் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவள் வாய் கோணியது. சிரிக்கப் போகிறாளா, அழப் போகிறாளா என்று தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சரே, அங்க வச்சு எடுத்த முடி இங்க செல்லுமா? நீங்க எல்லா நியமமும் படிச்சவியல்லா, சொல்லுங்க."

விளையாட்டாகக் கேட்கவில்லை. கண் இரண்டும் நிறைந்திருக்க, என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் நீளப் பின்னலைக் கொடுத்தபோதுகூட இப்படி அவள் கலங்கியிருக்க மாட்டாள். எனக்குச் சாமி சட்டம் ஒன்றும் தெரியாது. ஆனால் இந்தப் பெண் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

"செல்லும்" என்றேன், மலாக்கா ஜலசந்தியைச் சொல்கிற அதே குரலில். "எங்கே எடுத்ததானாலும், பிள்ளை தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தால் செல்லும். அப்படி ஒரு நியமம் உண்டு."

பையன் சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். இந்தத் தொழிலில் எனக்கு முன்னால் இறங்கியவன் அல்லவா, கண்டுபிடித்துவிட்டான். நான் ஒரு முறை முறைத்தேன். அவன் மறுபடி குனிந்துகொண்டான், தோள் மட்டும் குலுங்கியது.

"அப்ப சரி" என்றாள் அவள். பொட்டலத்தை இடுப்பில் செருகினாள். "நாளைக்கு மொத பஸ்ஸுக்கே போயிருவோம்." மகன் மொட்டையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஆட்டோ நிற்கிற இடம்வரை அந்தக் கையை அங்கிருந்து எடுக்கவே இல்லை.